ஒரு டாலர் டிப்ஸ்

அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'தி ஸ்டாண்ட்' நாவலை 2019 டிசம்பரில் வாசித்தேன். 1978இல் முதன்முதலாக வெளிவந்தபோது வெட்டப்பட்டிருந்த ஏறத்தாழ 400 பக்கங்களை மீண்டும் சேர்த்து 1990இல் வெளியிட்ட முழுப் பதிப்பு அது. பேய்க்கதை என்று எண்ணித்தான் கையில் எடுத்தேன். என்னைத் தூங்கவிடாமல் செய்ததோ அதில் வரும் எந்தப் பேயும் அல்ல.

ராணுவ ஆய்வுக்கூடமொன்றிலிருந்து கொடிய ஃப்ளூ கிருமி தப்பிவிடுகிறது. அங்கே காவலுக்கு இருந்தவர் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஓட, அவருடைய கார் டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்கில் வந்து மோதுகிறது. அந்தப் பங்குக்காரரைப் பார்த்துப் பேசிய ரோந்துக் காவலர், பிறகு நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்ற காப்பீட்டு முகவர் ஒருவரை நிறுத்தி அபராதச் சீட்டு எழுதித் தருகிறார். அந்த முகவர் வழியில் ஓர் உணவகத்தில் வயிறார உண்டு, பரிமாறிய பெண்ணுக்கு ஒரு டாலர் டிப்ஸ் வைத்துவிட்டுப் புறப்படுகிறார். இவர்களில் எவரும் எந்தத் தவறும் செய்யவில்லை; தத்தம் வேலையைப் பார்த்தார்கள், மரியாதையாக நடந்துகொண்டார்கள். அந்த மரியாதையின் வழியாகவே சாவு கைமாறிச் செல்வதைக் கிங் சிறிதும் பதறாமல், கணக்கெழுதுபவரைப் போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதுதான் என் வயிற்றைப் பிசைந்தது.

நியூயார்க்கின் லிங்கன் சுரங்கப்பாதையில், பிணங்கள் நிறைந்த கார்களுக்கிடையே இருட்டில் லாரி என்னும் பாடகன் தடவித் தடவி நடக்கும் பகுதியைப் பலரும் நாவலின் உச்சம் என்பார்கள். அதைப் படிக்கையில் எனக்கும் உள்ளங்கை வியர்த்தது உண்மை. ஆனால், கொள்ளைநோய்க்குத் தப்பியும் குடும்பத்தில் அனைவரையும் இழந்து, தனியே ஓடித் திரிந்து பாழுங்கிணற்றில் விழுந்து சாகும் சின்னஞ்சிறுவனின் ஒரு பக்கக் கதை அதைவிட நெடுநாள் என்னோடு இருந்தது. பிற்பகுதியில் நன்மைக்கும் தீமைக்குமான போராகக் கதை விரிந்தபோது என் அச்சம் தணிந்துவிட்டது. தீமைக்கு ஒரு முகம் கிடைத்த பிறகு, அதைக் கண்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது போலும்.

நூலை முடித்து மூன்று மாதங்களில் ஊரடங்கு வந்தது. கொரோனா அந்த நாவலில் வரும் நோயைப் போன்றதல்ல, அவ்வளவு கொடியதும் அல்ல என்று 2020 மார்ச்சில் கிங்கே ட்விட்டரில் எழுதியதைப் படித்தேன். அறிவு அதை ஏற்றுக்கொண்டது, கை ஏற்கவில்லை. எங்கள் தெருவில் பல ஆண்டுகளாகப் பால் ஊற்றும் அக்கா ஒரு நாள் காலையில் மீதிச் சில்லறையை நீட்டியபோது, அந்த ஒரு டாலர் என் கண்முன் வந்து நின்றது. நீட்டிய கையை நான் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சில்லறையைத் திண்ணையில் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை இரண்டடி தள்ளி நிற்கத் தொடங்கினார். ஊரடங்கு முடிந்து, முகக்கவசங்களும் போய், நானே வலியக் கையை நீட்டிய பிறகும்கூட அவர் சில்லறையைத் திண்ணையில்தான் வைக்கிறார்.