வாய்ப்புற்றுநோய் விழிப்புணர்வுத் தூதர் ஒப்பந்தம்: ஷரத்து எழுத உதவி தேவை

வணக்கம். கும்பகோணம், பாபநாசம் பக்கம் முகாம் நடத்தும் அறக்கட்டளைக்காக எழுதுகிறோம். "புகையிலை தொடமாட்டேன்" என்ற ஒரு வரி தூதர் ஒப்பந்தத்துக்குப் போதாது. வெறும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட முடிவு. வெற்றிலை விளையும் ஊரில் இதை விட்டுவிட்டால், கல்யாணப் பந்தியில் தூதர் தாம்பூலம் போடும் ஒரே படம் முகாமைக் கெடுத்துவிடும்.

சோதனையையும் முழுக்க நம்ப முடியாது. மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பது பீடி, சிகரெட்டுக்குத்தான். மெல்லும் புகையிலை அதில் சிக்காது. சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் மாறி உண்டாகும் பொருள்) சில நாட்களே தங்கும். பழக்கத்தைக் கைவிடுவதற்காக நிக்கோட்டின் கம் மெல்பவரையும் அந்தச் சோதனை மாட்டிவிடும், அது அநியாயம்.

ஆகவே, பழக்கத்தை ஒப்புக்கொண்டால் 3 மாத அவகாசம், 1800-112-356இல் இலவச ஆலோசனை, மறைத்தால் விலக்கல். மருத்துவ ரகசியம் கெடாமல் இதை எழுதிய மாதிரி யாரிடமாவது உண்டா? வக்கீல்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.