ஃபிளட்டரில் எங்கு பார்த்தாலும் சைஸ்டுபாக்ஸ்: குறைக்க வழி உண்டா?

ஈரோட்டுக்காரன்:
பால் சொசைட்டிக்கு ஃபிளட்டரில் (ஆப் எழுதும் கூகுளின் கருவித்தொகுப்பு) ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), கீழே பட்டன்கள். அவ்வளவுதான் ஸ்கிரீன். ஆனால் கோடிங்கைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே, இடைவெளிக்காக உயரம் 12 வைத்த ஒரு சைஸ்டுபாக்ஸ் (அளவு குறித்த வெற்றுப் பெட்டி). படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. எஸ்.என்.எஃப். பார்க்காத சொசைட்டிக்கு அந்தக் கட்டத்தை மறைத்தால், மேலும் கீழும் இருந்த இடைவெளிகள் சேர்ந்து நடுவில் பள்ளம் விழுகிறது. எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறீர்களா?

முகிலி:
எந்த வெர்ஷன்? 3.27 முதல், மேலிருந்து கீழாக அடுக்கும் 'காலம்' (Column), பக்கவாட்டில் அடுக்கும் 'ரோ' (Row) இரண்டிலும் ஸ்பேசிங் (இடைவெளி அளவு) வந்துவிட்டது. ஸ்பேசிங் 12 என்று ஒரே இடத்தில் சொல்லிவிட்டு, சைஸ்டுபாக்ஸ் அத்தனையையும் அழித்துவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
அழித்தாச்சு, கோடிங் பாதியாகிவிட்டது. பள்ளம் மட்டும் போகவில்லை. விசிபிலிட்டி விட்ஜெட்டில் (விட்ஜெட் என்றால் ஸ்கிரீனைக் கட்டும் துண்டு) மறைக்கிறேன், அதனாலா?

முகிலி:
அதேதான். விசிபிலிட்டி கட்டத்தை மறைத்தாலும் அந்த இடத்தில் அளவே இல்லாத ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். 'காலம்' அதையும் கணக்கில் சேர்த்து இருபுறமும் 12 விடும். 'காலம்' அடுக்குகிற விட்ஜெட்களின் பட்டியலான சில்ட்ரன் லிஸ்டுக்குள்ளேயே இஃப் நிபந்தனை போடுங்கள். பொய் என்றால் லிஸ்டில் அந்த விட்ஜெட்டே இருக்காது. இடைவெளி எங்கிருந்து வரும்?

பழைய டெவலப்பர்:
முகிலி சொன்னது சரி. இன்னொன்று: இடைவெளி யார் பொறுப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள் தம்பி. எங்கள் டீமில் கறாரான ஒரே விதி, எந்த விட்ஜெட்டும் தன்னைச் சுற்றி வெளி இடைவெளி வைத்துக்கொள்ளக் கூடாது; அதை அடுக்குகிற பெற்றோர் விட்ஜெட்தான் வைக்க வேண்டும். கார்டு (விவரங்களைக் காட்டும் பெட்டி) 16 வைத்து, பக்கமும் 16 வைத்தால் ஓரத்தில் 32. இடைவெளி விடும் பேடிங்கில் மைனஸ் போட்டுக் கழிக்கவும் முடியாது. ஃபிளட்டரின் கார்டு வேறு, கேட்காமலே 4 மார்ஜினோடு (வெளி இடைவெளி) வரும்! அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

பட்டன்களை 'ரோ'வில் வைக்காதீர்கள். 'சேமி' அடங்கிவிடும், 'ரசீது அச்சிடு', 'ரத்து செய்' மூன்றும் சேர்ந்தால் சின்ன போனில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கும் மஞ்சள் கறுப்புப் பட்டை வந்து நிற்கும். 'ரேப்' (Wrap) போடுங்கள், இடமில்லாததைத் தானே அடுத்த வரிக்கு இறக்கிவிடும். பக்கவாட்டுக்கு ஸ்பேசிங், வரிகளுக்கு நடுவே ரன்ஸ்பேசிங்.

ஈரோட்டுக்காரன்:
இஃப் போட்டதும் பள்ளம் போய்விட்டது, நன்றி முகிலி. அண்ணே, அந்த 4 மார்ஜின்தான் தலைப்போடு கார்டு நேராக நிற்காததற்குக் காரணம் போல. பட்டன்களை 'ரேப்'புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.