வரியோடு முகவரியும்: மேற்கோள் குறிப்பேட்டில் எதிர்ப்பட்ட வரிகள்

பனையோலை எழுதியது:

மேற்கோள் நோட்டு போடத் தொடங்கும்போது எல்லாரும் வரியை எழுதி, அடியில் 'பாரதி', 'ஔவை' என்று ஒரு பெயரைப் போட்டு முடித்துவிடுகிறோம். அது போதாது. வரியை அச்சில் உள்ளபடியே எழுதுங்கள். நூலின் பெயரும் பாடல் எண்ணும் வேண்டும். உரைநடையானால் பதிப்பாண்டு, பதிப்பகம், பக்க எண். யார் யாரிடம் சொல்வது என்று ஒரு குறிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக முன்னடியும் பின்னடியும்.

அக்கம்பக்கத்து அடி எதற்கு என்றால், 'மெல்லத் தமிழினிச் சாகும்' என்ற வரியைப் பாருங்கள். பாரதியே ஆரூடம் சொல்லிவிட்டதாக இதை மேடைதோறும் கேட்கலாம். பாட்டில் தமிழ்த்தாய் பேசுகிறாள். 'அந்த மேற்கு மொழிகள் புவிமிசை யோங்கும்' என்ற அடுத்த அடிக்குப் பிறகு 'என்றந்தப் பேதை உரைத்தான்' என்று வருகிறது. இந்த வசை தனக்கு வரலாமா என்று தாய் கொதித்துப் போய், எட்டுத் திக்கும் சென்று கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிறாள். ஆக நோட்டில் ஒற்றை வரியாக நின்றால் பேதையின் பேச்சு பாரதியின் பேச்சாகிவிடும். பின்னடி பக்கத்தில் இருந்தால் அந்தத் தப்பு நடக்காது.

எறும்பும் எண்சாண் எழுதியது:

புறநானூறு 192-க்கும் இது பொருந்தும். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' தெரியாதவர் இல்லை. 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' வரை பலருக்கு வரும். மொத்தம் 13 அடி. பேரியாற்று நீரின் போக்கில் போகும் புணைபோல உயிரும் முறைவழியே போகும் என்று தெளிந்ததால், பெரியோரை வியப்பதும் இல்லை, 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று கணியன் பூங்குன்றனார் முடிக்கிறார். முதல் அடிக்கான காரணமே அந்தக் கடைசி அடிகளில்தான் இருக்கிறது. இவ்வளவு சிறிய பாட்டை வெட்ட வேண்டாம், முழுதாகவே எழுதி வையுங்கள். ஒரு பக்கம்கூட ஆகாது.

சொல்லடைவு எழுதியது:

ஒரே வரி இரண்டு வீட்டில் குடியிருக்கும் இடங்களைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சுகம். 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்று எழுதி 'மணிமேகலை' என்று மட்டும் போட்டிருப்பார்கள். சரிதான், பாத்திரம் பெற்ற காதையில் தீவதிலகை மணிமேகலையிடம் சொல்வது. அதே அடி புறநானூறு 18-லும் உண்டு. அங்கே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பேசுகிறார்: உணவு என்பது நிலமும் நீரும், அதனால் பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கி வை. காப்பியத்தில் பசிதீர்க்கும் அறமாக ஒலிக்கும் அடி, புறப்பாட்டில் குளம் வெட்டச் சொல்லும் ஆலோசனைக்குள் இருக்கிறது. நோட்டில் ஓரத்தில் 'ஒப்பிடுக' என்று எழுதி மற்ற எண்ணைக் குறித்துவிடுங்கள்.

'நீரின்றி அமையாது உலகு' என்று சுவரில் எழுதுகிறோம். குறள் 20-இல் இருப்பது 'நீர்இன்று அமையாது உலகெனின்'. அந்த 'எனின்' போனதும் நிபந்தனை போய்விடுகிறது; வானின்றி ஒழுக்கு அமையாது என்ற பிற்பாதியும் கூடவே போய்விடுகிறது. நற்றிணை முதல் பாட்டில் கபிலர் 'நீரின் றமையா உலகம் போல' என்று இதே எண்ணத்தைக் காதலுக்கு உவமையாக்குகிறார். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

போகிக்குப் போகி சொல்கிற 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' நன்னூல் சூத்திரம், 462. இலக்கணத்தில் காலத்தால் வரும் மாற்றம் குற்றமல்ல என்று பவணந்தியார் சொல்வது. வீட்டுப் பழம்பாய்க்கு அவர் சொல்லவில்லை. ஆனாலும் வழக்கில் விரிந்த பொருளையும் குறித்து வைக்கலாம், அதுவும் வரியின் வாழ்க்கைதான்.

பனையோலை எழுதியது:

எப்படிப்பட்ட நோட்டு வாங்குவது, அதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தார்கள். 192 பக்க நீள நோட்டு போதும். தலைப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். 'வாழ்க்கை' என்று ஒரு பகுதி வைத்தால் எல்லா வரியும் அதற்குள் போய் விழும், 'நட்பு' பகுதி காலியாகக் கிடக்கும். வந்த வரிசையில் 1, 2, 3 என்று எண் கொடுத்துக்கொண்டே போங்கள். கடைசி 16 பக்கத்தை முதற்குறிப்புக்கு, அதாவது வரிகளின் முதற்சொல் அகரவரிசைப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள், நம் பதிப்பாசிரியர்கள் பாட்டு முதற்குறிப்பு போடுகிற மாதிரி. எழுத்துக்கு ஒரு பக்கம் என்று சமமாகப் பிரித்தால் வீணாகும். ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. ட, ர, ல வடசொல்லுக்கும் பிறமொழிச் சொல்லுக்கும்தான், மூன்றுக்கும் அரைப் பக்கம் ஏராளம். அ, க, த, ப, ம, வ ஆறுக்கும் தலா ஒன்றரைப் பக்கம் கொடுங்கள், அங்கேதான் நெரிசல்.

செய்தித்தாள் துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டாம். அந்தத் தாளில் மரக்கூழின் லிக்னின் இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறிப் பொடியும், பக்கத்துத் தாளையும் கறையாக்கும். செலோடேப் காய்ந்து உரிந்து மஞ்சள் பட்டையை விட்டுப் போகும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. கையால் எழுதிக்கொள்வதே நல்லது. எழுதும்போது அந்த வரி மனசிலும் ஏறும். ஜெல் பேனாவில் பல மைகள் ஒரு துளி தண்ணீருக்கே கரையும், பால்பாயிண்ட் தாங்கும். அலமாரியில் வசம்புத் துண்டு போடுவது சுவடிக் காலத்து வழக்கம். ஈரம் இல்லாத இடமாகப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

கொம்பும் காலும் எழுதியது:

கணினியில் சேர்ப்பவர்களுக்கு. தேடினால் வரி கிடைக்காமல் போவதற்கு மூன்று காரணம் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலாவது புணர்ச்சி. 'கைம்மண்ணளவு' என்று எழுதி வைத்துவிட்டு 'கைமண் அளவு' என்று தேடினால் வராது. ஒவ்வொரு வரிக்கும் கீழே சொல் பிரித்த வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது எழுத்துக் குறியீடு. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, சில மென்பொருள்களுக்கு இரண்டும் வேறு. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்போடு 'ள' தட்டுவதும் இப்படித்தான். முன்னதை யுனிகோடு சீராக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் முறை) சரிசெய்யும். 'ள' தட்டியதை எந்தச் சீராக்கமும் சரிசெய்யாது, கையால்தான் திருத்த வேண்டும்.

மூன்றாவது, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் கருவி. 'ர'வும் துணைக்காலும் அதற்குக் குழம்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய 'லை', 'னை', 'றா' எல்லாம் தாறுமாறாகும். அப்படி எடுத்ததை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடாமல் நோட்டில் ஏற்றாதீர்கள். மூலம் பார்க்க மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகமும் இருக்கின்றன, ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம்.

சொல்லடைவு எழுதியது:

வாட்ஸ்அப்பில் புத்தர், விவேகானந்தர், கலாம் படத்தோடு வரும் வரிகளை என்ன செய்வது என்பதற்கு: நோட்டின் பின்பக்கத்தில் 'முகவரி இல்லாதவை' என்று தனியாக எழுதுங்கள். வரியில் அதிகம் புழங்காத மூன்று சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். புத்தர் வாயில் 'இலக்கு', 'மன அழுத்தம்' போன்ற இன்றைய பேச்சு வந்தால் உடனே சந்தேகப்படலாம். நூலும் எண்ணும் கிடைத்த பிறகே முன்பக்கத்துக்கு ஏற்றுங்கள்.

எறும்பும் எண்சாண் எழுதியது:

கைமண் வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். 'கற்றது கைம்மண் அளவு, கல்லாதது உலகளவு' என்பது ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலின் தொடக்கம் மட்டுமே. அப்படிச் சொல்லிக் கலைமகளே இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறாள், வெறும் பந்தயம் கூற வேண்டாம் புலவீர் என்று பாட்டு போகிறது. முடிவு 'எறும்பும் தன் கையால் எண் சாண்'. பாடல் திரட்டுக்குத் திரட்டு சொல் சற்று மாறும், எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று அவசியம் எழுதுங்கள். முதற்குறிப்பில் 'க' பக்கத்தில் ஒரு முறை, 'எ' பக்கத்தில் எறும்புக்காக இன்னொரு முறை.