டெயிலிங்ஸ்: கழிவா, எச்சமா, கொழிமண்ணா?

உப்புவெளி, தொழினுட்பவியல் ஆசிரியை:

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். கனிய மணல் பிரித்தெடுப்புப் பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். படிக்கப்போகிறவர்கள் உயர்தரம் முடித்த பிள்ளைகள். திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை, குச்சவெளிப் பக்கத்தார் பலர்.

முக்கால்வாசி ஒழுங்காகப் போய்விட்டது. மணலை நீரோடு கலந்து, சுருளாக இறங்கும் வாய்க்காலில் விட்டுப் பாரமானதை ஒதுக்குகிறார்கள். காய்ந்தபின் காந்த உருளை இல்மனைற் என்ற கறுப்புக் கனியத்தை இழுத்துக்கொள்கிறது. மிஞ்சிய கனியங்களில் ரூற்றைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்து உயர் மின்னழுத்தத்தில் இரண்டையும் பிரிக்கலாம். சுருள் பிரிப்பு, காந்தப் பிரிப்பு, நிலைமின் பிரிப்பு என்று எழுதிவிட்டேன்.

நிற்பது ‘டெயிலிங்ஸ்’ என்ற சொல்லில். வேண்டிய கனியத்தை எடுத்தபின் ஆலையின் கடைசியில் வெளியேறும் அந்த மண். ‘கழிவு’ என்று போட முடியவில்லை. தாதுவை அடைவதற்காகத் தோண்டி எறியும், ஆலைக்குள் போகாத பாறைக்கு அதே கையேட்டில் ‘கழிவுப் பாறை’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு பொருள். ‘கசடு’ உலையில் மிதப்பதற்குப் போய்விட்டது. ‘கழிமண்’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், எல்லாப் பிள்ளையும் ‘களிமண்’ என்றே எழுதினார்கள். உதவுங்கள்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கச்சி, ‘கழிமண்’ வேண்டாம். கழி என்றால் நெய்தல் நிலத்து உப்பங்கழி. கழிமுகம் என்று நாம் இன்றும் சொல்கிறோம். இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.

எனக்குப் படுவது ‘கொழி’ என்ற வினை. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், அரித்தல் என்று பிரித்தெடுக்கும் தொழிலுக்கு எத்தனை வினைகள் வைத்திருக்கிறோம்! சுளகை மேலே எற்றினால் புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பாரமானதையும் நொய்ந்ததையும் ஒதுக்கினால் கொழித்தல். நீரில் சுழற்றிக் கல்லைத் தங்கவிட்டால் அரித்தல். நம் பெண்கள் கையசைவைக்கொண்டே பெயர் பிரித்திருக்கிறார்கள்.

கடலுக்கும் இதே வினைதான். நம் கோணேசரைப் பாடிய சம்பந்தர் ‘குரைகடல் ஓத நித்திலம் கொழிக்கும்’ என்றார். அலை முத்தை ஒதுக்கிக் கரையில் சேர்க்கிறது. புல்மோட்டையில் வாடைக்காற்றுக் காலத்து அலை கருமணலை ஒதுக்கிச் சேர்ப்பதும் அதுவே. ஆகவே ‘கொழிமண்’ என்கிறேன். அந்தப் பதிகத்தில் அதற்குச் சற்று முன் நிற்கும் ‘வரன்றி’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது, வாரிக்கொண்டு என்பது பொருள். வாருதல், வரன்றுதல், வரி என்று ஒரு வேர்க் குடும்பமே தெரிகிறது. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

பேர்த், கனியப் பொறியியலாளர் (சொந்த ஊர் குச்சவெளி):

சேர், நீங்கள் காட்டிய வரியே உங்கள் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. கடல் கொழித்தது முத்தை. செல்வம் கொழிக்கிறது என்கிறோம். ‘கொழிமண்’ என்றால் கேட்பவர் மனதில் இல்மனைற் நிறைந்த கறுப்பு மண்தான் வரும். செறிவுக்கு, அதாவது பிரித்து எடுத்துக்கொண்ட கனியத்துக்கு, அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம், அதற்கு என் வாக்கு உண்டு.

‘அரித்தல்’ பற்றி ஒன்று. அம்மா அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்தவனுக்குச் சுருள் பிரிப்பியை விளக்க வேண்டியதில்லை. சட்டியின் உள்ளே வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். நீரோடு சாய்த்து ஆட்ட ஆட்ட அரிசி வழிந்து மற்றச் சட்டிக்குப் போகும், கல் அந்த வரியில் தங்கும். சுருளில் பள்ளத்துக்குப் பதிலாக வளைவும் ஓட்டமும் வேலை செய்கின்றன. படிகமணலின் அடர்த்தி 2.65, இல்மனைற்றுடையது ஏறத்தாழ 4.7. இலேசானது வெளி விளிம்புக்கு ஓடுகிறது, பாரமானது உள்ளே ஒட்டிக்கொண்டு இறங்குகிறது.

ஆனால் தங்கச்சியின் கையேட்டுக்கு அப்பாலும் இந்தச் சொல் நிற்க வேண்டும். இன்று செப்புத் தாதுவில் செம்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் அதை மாவாக அரைத்து, நுரையில் ஒட்டி மிதக்கவிடும் ‘நுரை மிதப்பு’ முறையில் செம்பை மேலே எடுத்தபின், போட்டதில் ஏறக்குறைய முழுவதும் சேறாகத்தான் வெளியே வருகிறது. அதை அணைகட்டித் தேக்குகிறார்கள். செலவு குறைவென்று, தேங்கிய சேற்றின் மேலேயே அடுத்தடுத்த அணைப்படியை ஏற்றும் முறை ஒன்று உண்டு. பிரேசிலில் புருமாதின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்தது அப்படி உயர்த்திய அணை. திடமாகத் தெரிந்தது ஒரு நொடியில் திரவமாகி ஓடியது. 270 பேர் போனார்கள். அதே மாநிலத்தில் 2015 நவம்பரில் இன்னொன்று உடைந்து 19 பேர். இந்தப் பொருளுக்கு மணல் என்றோ மண் என்றோ பெயர் வைத்தால் அந்த ஆபத்து மறைந்துபோகும். நான் ‘அரைசேறு’ என்பேன்.

நாகர்கோவில், பாடநூல் பணியில் இருப்பவர்:

அண்ணாச்சி சொன்ன ஆபத்தை மறுக்கவில்லை. ஆனால் இப்போது அந்தச் சேற்றை வடிகட்டியில் அழுத்தி நீரைப் பிழிந்து, உலர்ந்த அடுக்காகக் குவிக்கும் முறையும் வந்துவிட்டதே. அதற்கு ‘உலர் அரைசேறு’ என்றா எழுதுவது? கடல் மணலோ அரைபடுவதே இல்லை.

எங்கள் மணவாளக்குறிச்சியில் நூறாண்டுக்கு முன் வேலை தொடங்கியது மோனசைட் என்ற கனிமத்துக்காக. வாயு விளக்கு வலைக்கு அதிலிருக்கும் தோரியம் தேவைப்பட்டது. இல்மனைட்டுக்கு அப்போது கேட்பார் இல்லை. அதிலிருந்து செய்யும் டைட்டானியம் வெள்ளைச் சாயம் வந்தபிறகு அதுவே முதல் பொருளாயிற்று. ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில்லிலும் ஈயத்தையும் வெள்ளியையும் எடுத்துவிட்டுக் குவித்த மேட்டில் துத்தநாகம் இருந்தது. 1900களின் தொடக்கத்தில் நுரை மிதப்பு முறை கைக்கு வந்ததே அந்த மேட்டைத் திரும்பக் கிளறிய முயற்சியால்தான். ஆகவே அது கழிவு இல்லை, அந்தக் காலத்துக் கருவிக்கு எட்டாமல் மிஞ்சியது. ‘தாதெச்சம்’ என்று முன்மொழிகிறேன். தாது குற்றியலுகரம், உயிர் வர உகரம் கெடும், புணர்ச்சியில் சிக்கல் இல்லை.

தம்பலகாமம்:

புணர்ச்சி சரி, பொருள் சரியா? எச்சம் என்றால் காக்கை எச்சம் ஒரு பக்கம், வினையெச்சம் ஒரு பக்கம். 114ஆம் குறளில் வரும் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்று உரை சொன்னார், விட்டுச்சென்ற புகழும் பழியும் என்பாரும் உண்டு. பூந்தாது, உடல் தாது என்று ‘தாது’வும் பல இடங்களில் ஓடும் சொல். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ‘தாதெச்சம்’ என்று ஒரு ஆசிரியை எப்படிச் சொல்வது?

புல்மோட்டை:

இவ்வளவும் வாசித்தேன். எங்கட பக்கத்தில் ‘வேஸ்ட் மண்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். விளங்குகிற சொல்லை விட்டுவிட்டுக் கடினமானதைத் தேட வேண்டாம்.

இன்னொன்று. கையேட்டு வரைவில் அந்தச் சேற்றைத் தேக்கும் இடத்துக்குக் ‘கழிவுக் குளம்’ என்று கண்டேன், அதை மாற்றுங்கள். குளம் என்றால் இந்த மாவட்டத்தில் வயலுக்கு நீர், மாட்டுக்கு நீர், குளிக்கிற இடம். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரலில் உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்ததை மறக்கவும் மாட்டோம். ஆனாலும் குளம் என்ற பெயரைக் கேட்டால் பிள்ளை இறங்கத்தான் பார்க்கும்.

உப்புவெளி:

குளத்தை எடுத்துவிட்டேன், ‘சேற்றுத் தேக்கம்’ என்று போட்டுள்ளேன். நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட மடல்.

‘வேஸ்ட் மண்’ என்று எழுத மனம் வரவில்லை. விளங்கும், உண்மைதான். ஆனால் ‘வேஸ்ட்’ என்று படித்த பிள்ளை நாளை அந்தக் குவியலில் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காது, அதன் அணையையும் கவனிக்காது. இரண்டையும் செய்ய வேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். சேருக்கு இருக்கும் தயக்கம் எனக்கும் இருப்பதால் ‘தாது’வை விட்டுவிட்டு, ‘பிரிப்பெச்சம்’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘டெயிலிங்ஸ் எனப்படும்’ என்று சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள்.

நாகர்கோவில்:

பிரிப்பெச்சம் சரி. தமிழ்நாட்டில் ‘தாதெச்சம்’ என்றே எழுதுவேன், இரண்டும் புழங்கட்டும்.

பேர்த்:

முழு மனதில்லை, ஆனாலும் போகட்டும். அணை பற்றிய பாடத்தில் அது நனைந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். நான் எழுதித் தருகிறேன்.

தம்பலகாமம்:

நான் உடன்படவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள் தங்கச்சி. எச்சம் மிச்சமாக இருப்பதைச் சொல்கிறது, பிரிந்த விதத்தைச் சொல்லவில்லை. செறிவுக்குக் ‘கொழிமண்’ என்று பேர்த் தம்பி ஒத்துக்கொண்டாரே, அதையாவது கையேட்டில் சேர்ப்பீர்களா? ‘வரன்றி’ பற்றிய மடல் ஞாயிறு வரும்.