புதுப்பிப்பு: ஏ320 சிமுலேட்டர் தேர்வு முடிந்தது

செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை இன்ஜின் விமானத்தில் 200 மணி நேரம் ஓட்டியவன், ஏ320 என்ற பெரிய பயணிகள் ஜெட்டின் சிமுலேட்டர் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன வாரம் போய்விட்டு வந்தேன்.

நேர்முகம் பரவாயில்லை. சென்னை விமான நிலைய மெட்டார் (சுருக்கக் குறியீட்டில் வரும் வானிலை அறிக்கை) ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். புறப்பாட்டில் வி1 என்றால் என்ன என்றார்கள். "முடிவெடுக்கும் வேகம்" என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அந்த வேகத்துக்குள் முடிவெடுத்து, புறப்பாட்டை நிறுத்துவதென்றால் அந்த வேலையையும் தொடங்கியிருக்க வேண்டும் என்று திருத்தினார் ஒருவர்.

சிமுலேட்டரில்தான் வேர்த்துவிட்டது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டரை அணைத்துவிட்டு, ஐஎல்எஸ்ஸில் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞை) இறங்கச் சொன்னார்கள். ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் புள்ளி நகர்ந்ததும் அதைத் துரத்தினேன். வலது, இடது, மறுபடி வலது. இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடுஸ்லோப்பும் கைவிட்டுப் போகப் பார்த்தது. அப்போதுதான் இங்கே ஒருவர் சொன்ன கணக்கு நினைவுக்கு வந்தது: தரை வேகத்தை ஐந்தால் பெருக்கு. 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டும். இறங்கும் வேகத்தை அதில் பிடித்ததும் கிளைடுஸ்லோப் அடங்கியது, லோக்கலைசரைக் கவனிக்க நேரமும் கிடைத்தது.

அப்புறம் புறப்பாட்டில் வலது இன்ஜின் போனது. விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பாமலிருக்க இடது ரட்டரை மிதித்தேன், சரி. ஆனால் 400 அடி உயரம் வருவதற்குள் ஈகாம் (கோளாறுகளைக் காட்டும் திரை) செய்தியைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். "முதலில் ஓட்டுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வீட்டுக் கணினியில் ஜாய்ஸ்டிக்கோடு பழகியது பெரிதாக உதவவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கால்அவுட்களை (விமானிகள் உரக்கச் சொல்லும் குறிப்புச் சொற்கள்) வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததுதான் உதவியது. (அம்மா பயந்துவிட்டார்.)

முடிவுக்கு இரண்டு வாரம் ஆகுமாம்.