கோஹா பேட்ச்: என் கணினியில் சரியாக வருகிறது, சோதித்தவருக்கு வரவில்லை, டெஸ்ட் பிளானில் எதை விட்டேன்?

கேள்வி:
வணக்கம். கோஹா நூலக மென்பொருளில், நூலைப் புதுப்பிக்கும்போது புதிய தவணைத் தேதி விடுமுறையில் விழுந்தாலும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளப்படாத ஒரு வழுவைச் சரிசெய்து, வழுக்களைப் பதியும் பக்ஸில்லா தளத்தில் பேட்ச் (திருத்த நிரல்) இணைத்திருக்கிறேன். அதன் கமிட் செய்தியில் (மாற்றத்தை விளக்கும் குறிப்பில்) எழுதிய டெஸ்ட் பிளான், அதாவது சோதிக்கும் படிகள், இவ்வளவுதான்: "பேட்சை இடுக. ஒரு நூலைப் புதுப்பித்துத் தவணைத் தேதி சரியா எனப் பார்க்க. சைன்-ஆஃப் செய்க." மூன்று வாரம் கழித்து ஒருவர் சோதித்து, பேட்சுக்கு முன்பும் பின்பும் ஒரே தேதிதான் வருகிறது என்று எழுதிவிட்டார். பேட்ச் எழுதியவரே சைன்-ஆஃப் செய்ய (சோதித்துச் சரியென ஒப்புதல் தர) இயலாது என்பதால் வேலை அப்படியே நிற்கிறது.

பதில் 1:
"சரியா" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. எந்தத் தேதி வந்தால் சரி என்பது உங்களுக்குத் தெரியும், சோதிப்பவருக்குத் தெரியாது. விடுமுறைகளை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று சொல்லும் யூஸ்டேஸ்மோட் (useDaysMode) அமைப்பு உங்களிடம் 'டேட்டியூ' என்று இருக்கும் என ஊகிக்கிறேன். அதில் தவணைத் தேதியே விடுமுறையில் விழுந்தால் மட்டும் அது தள்ளிப்போகும். 'காலண்டர்' என்றிருந்தால் இடையில் வரும் எல்லா விடுமுறைகளும் கழிக்கப்படும். அதோடு ரினியூவல்பீரியட்பேஸ் அமைப்பு இன்றைய தேதியிலிருந்து கணக்கிடும்படி இருந்தால், புதிய தவணை நீங்கள் நினைத்த விடுமுறையைத் தொடவே தொடாது. பேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றுதான். டாக்கர் சூழலில் (கோஹாவைத் தன் கணினியிலேயே இயக்கிச் சோதிக்கும் அமைப்பில்) சோதித்திருந்தால் இன்னொன்றும் உண்டு: பேட்சை இட்டபின் ரீஸ்டார்ட்_ஆல் கட்டளையை இயக்காவிட்டால் கோஹாவை இயக்கும் பிளாக் (Plack) சேவை பழைய நிரலையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடும்.

பதில் 2:
நான் நூலகர், நிரலர் அல்லேன். இணையத்திலேயே பேட்சை முயன்று பார்க்கும் சாண்ட்பாக்ஸில் வழு எண்ணைக் கொடுத்துத்தான் சோதிக்கிறேன். கட்டளை முனையத்தில் இயக்க வேண்டிய அலகுச் சோதனை (நிரலின் சிறு பகுதியைத் தானாகச் சரிபார்க்கும் நிரல்) ஏதேனும் இருந்தால், சாண்ட்பாக்ஸில் சோதிப்பவர் அதைத் தவிர்க்கலாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அது இல்லாததால் பாதியில் விட்டுப்போன பேட்சுகள் எனக்கு உண்டு.

கேட்டவர்:
மிக்க நன்றி. ரினியூவல்பீரியட்பேஸ் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இப்படி மாற்றியிருக்கிறேன்:

"பேட்ச் இடும் முன்:
1. யூஸ்டேஸ்மோட் 'டேட்டியூ' எனவும், ரினியூவல்பீரியட்பேஸ் பழைய தவணைத் தேதியிலிருந்து கணக்கிடும்படியும் அமைக்க.
2. மாதிரித் தரவில் உள்ள சென்டர்வில் நூலகத்துக்குக் கடன் காலம் 7 நாள், புதுப்பிக்கும் காலம் 7 நாள் என விதி அமைக்க.
3. அந்நூலகத்தின் நாட்காட்டியில் இன்றிலிருந்து 14ஆம் நாளை மட்டும் விடுமுறையாக்குக.
4. அதே நூலகத்தில் நுழைந்து, அதன் நூலொன்றை அதன் உறுப்பினருக்கு வழங்கி, உடனே புதுப்பிக்க. தவணை 14ஆம் நாள் என வரும், இதுவே வழு.
5. நூலைத் திருப்பிப் பெற்று, பேட்சை இட்டு, ரீஸ்டார்ட்_ஆல் இயக்கி, 4ஆம் படியை மீண்டும் செய்க. 15ஆம் நாள் என வர வேண்டும்."

பதில் 1:
நாள் எண்ணிக்கையாக எழுதியது நல்லது. குறிப்பிட்ட தேதியைப் போட்டிருந்தால், பேட்ச் வரிசையில் காத்திருக்கும் மாதங்களில் அது கடந்தே போயிருக்கும். 3ஆம் படியில் மட்டும், நாட்காட்டியில் ஏற்கெனவே உள்ள ஞாயிறு விடுமுறையை நீக்கச் சொல்லுங்கள். இல்லையேல் சனிக்கிழமை சோதிப்பவருக்கு 15ஆம் நாளும் ஞாயிறாகி, 16 என்று வரும். உங்கள் பேட்ச் தவறு என்று மறுபடியும் எழுதிவிடுவார்.