ஃப்ரீ சாஃப்ட்வேர் பண்றவங்க தினமும் என்ன டூல் வச்சிருக்கீங்க? எங்கருந்து ஆரம்பிக்கிறது?

தாமிரபரணி_03:
எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைல டெஸ்டிங் வேலைல இருக்கேன், கோடிங் ஓரளவு தெரியும், பைத்தான் தட்டுத்தடுமாறி வரும். பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், டெபியன் 12 (லினக்ஸ்ல ஒரு வகை) போட்ருக்கேன். ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்டுக்கு நம்மளும் கை குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா கோடு எழுதற எடிட்டர்னா யூடியூப்ல ஒருத்தர் விம்ங்கறார், ஒருத்தர் ஈமேக்ஸ்ங்கறார், இன்னொருத்தர் டைலிங் விண்டோ மேனேஜர் (விண்டோவெல்லாம் தானா அடுக்கி வைக்கிறது) இல்லாம வேலையே ஓடாதுங்கறார், நானும் ரெண்டு மாசமா விம்முக்கு கலர் மாத்திட்டு இருக்கேனே ஒழிய ஒரு வரி கோடு எங்கயும் போகல. நிஜமா வேலை பாக்கறவங்க காலைல உக்காந்தா எதெல்லாம் திறப்பீங்க? நம்ம பக்கத்துல யாராச்சும் கூடுறாங்களா?

(சம்பந்தமில்லாத இன்னொண்ணு, மச்சான் அவன் பழைய மேக்ல இருந்து ஜிப் பண்ணி ஊர் கொடை போட்டோ அனுப்பினான், பிரிச்சா "கோவில்"னு என் ஃபோல்டர் பக்கத்துலயே இன்னொரு "கோவில்" வந்து உக்காந்துருக்கு. லினக்ஸ்ல ஒரே பேர்ல ரெண்டு எப்படி இருக்கும்? தேடுனா ஒண்ணுதான் வேற சிக்குது. ஹார்ட்டிஸ்க் போகப் போகுதா?)

சிடி_காலத்து_ஆள்:
தம்பி முதல்ல அந்த கலர் மாத்துறத நிறுத்துங்க. என் ஸ்க்ரீன பார்த்தா என் பொண்ணே சிரிக்கும், டிமக்ஸ்ல (ஒரே டெர்மினல பல விண்டோவா பிரிக்கிறது) மூணு விண்டோ, ஒண்ணுல விம், ஒண்ணுல மெயில், ஒண்ணுல கிட் (கோடுல செஞ்ச ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற டூல்), அவ்ளோதான், 4 ஜிபி தாராளம். என் விம் கன்ஃபிக் மொத்தமே பதினஞ்சு வரி, அதுலயும் பாதி எதுக்குன்னு மறந்துபோச்சு.

எடிட்டர விட கிட்ட ஒழுங்கா கத்துக்கங்க. 2005ல லினக்ஸ் கெர்னலுக்கு (லினக்ஸோட மையப் பகுதி) வச்சிருந்த பழைய டூலோட இலவச லைசென்ஸ் போனதும் லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே உக்காந்து எழுதினது, எழுத ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள கெர்னல் பேட்ச்செல்லாம் (திருத்தங்கள்) அதுல போட ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க டெஸ்டிங் ஆளுன்னதால சொல்றேன், கிட் பைசெக்ட்னு ஒண்ணு இருக்கு, போன ரிலீஸ்ல ஓடுனது இந்த ரிலீஸ்ல ஓடலன்னா நடுவுல 1000 கமிட் (பதிஞ்ச மாற்றம்) இருந்தாலும் பாதி பாதியா வெட்டிட்டே போய் பத்து தடவை டெஸ்ட் பண்ணா எந்த கமிட்ல கெட்டுதுன்னு காட்டிக் குடுத்துடும். ஒரு தடவை ப்ரிண்டர் விஷயத்துல அப்படி பிடிச்சு, ஒரே ஒரு வரி, அனுப்பி வச்சேன். டெவலப்பருக்கு கோடு எழுதிக் குடுக்கறவன விட இப்படி கைய பிடிச்சு இடத்த காட்டுறவன் மேல தான் பாசம் அதிகம்.

பாசம் இல்லாத இடமும் உண்டு. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு (பேரு வேண்டாம்) பேட்ச் அனுப்பி ஏழு மாசம் ஒரு ஆள் எட்டிப் பாக்கல, அப்புறம் அதே திருத்தத்த வேற ஒருத்தர் போட்டு ஏத்திட்டாங்க. ஒரு வாரம் சோறு இறங்கல. இப்பல்லாம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வரி ஞாபகப்படுத்திட்டு அடுத்த வேலைய பாக்க போயிடறேன்.

பொட்டலம்_கட்டும்_அக்கா:
நான் டெபியன்ல சில பேக்கேஜ் (இன்ஸ்டால் பண்ற மாதிரி கட்டி வச்ச சாஃப்ட்வேர்) பாத்துக்கறேன், வேலை நேரம் போக ராத்திரி ஒரு ஒன்றரை மணி நேரம். எடிட்டர் எதுவா இருந்தா என்ன, எனக்கு நிஜமான டூல்னா எஸ்பில்டும் லின்டியனும் தான். எஸ்பில்ட் என்ன பண்ணும்னா காலியா ஒரு டெபியன உருவாக்கி அதுக்குள்ள வச்சு பேக்கேஜ கட்டும், அதனால "என் மிஷின்ல ஓடுச்சே"ன்னு கத விட முடியாது, நம்ம என்னிக்கோ இன்ஸ்டால் பண்ணி மறந்த லைப்ரரி அங்க இருக்காது, டிபென்டன்சில (பேக்கேஜ் ஓட வேற என்னென்ன வேணும்ங்கற பட்டியல்) எழுதாம விட்டது உடனே வெளிய வந்துடும். லின்டியன் கட்டுன பேக்கேஜ்ல தப்பு தேடும், மாமியார் மாதிரி, சின்ன தப்பு இருந்தாலும் பேசும். முதல் பேக்கேஜுக்கு எனக்கு முப்பத்தி சொச்சம் குத்தம் சொல்லுச்சு.

உங்களுக்கு நான் சொல்றது: ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்னே ஒரு பேக்கேஜ் இருக்கு, போட்டு வச்சா நீங்க ஆப்ட்ல (டெபியன்ல பேக்கேஜ் போடுற கமாண்ட்) எதாவது இன்ஸ்டால் பண்ணும்போதெல்லாம் உங்க மிஷின்ல இருக்கற எதுக்கு ஆள் தேவைப்படுதுன்னு சொல்லும். அப்புறம் ரிப்போர்ட்பக், பக் (சாஃப்ட்வேர்ல இருக்கற கோளாறு) பத்தி புகார் அனுப்புற டூல். டெபியன்ல பக் போட அக்கவுண்ட் எல்லாம் வேண்டாம், எல்லாம் மெயில் தான், வெர்ஷன் டிபென்டன்சி எல்லாம் அதுவே எடுத்து ஒட்டிக்கும். ஆனா ஒண்ணு, உங்க மெயில் ஐடி ஊருக்கே தெரியும், அழிக்கவும் முடியாது, அதுக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்கங்க.

அந்த ரெண்டு "கோவில்" விஷயத்த ப்ராக்கெட்ல போட்டுட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேக்கறீங்களே. ஹார்ட்டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அந்த ரெண்டும் இருக்கற ஃபோல்டருக்குள்ள எல்எஸ் (பேர் பட்டியல் காட்டுறது) போட்டு ஒவ்வொரு பேரையும் தனித்தனியா டபிள்யூசி மைனஸ் சி-க்கு (பைட்ட எண்ணுற கமாண்ட்) பைப் பண்ணி எத்தனை பைட்டுன்னு சொல்லுங்க.

தாமிரபரணி_03:
அக்கா, ஒண்ணு 19 வருது, இன்னொண்ணு 22. கண்ணால பார்த்தா அச்சு அசல் ஒண்ணு மாதிரியே இருக்கு??

ஒற்றைக்கொம்பு:
நான் மொழிபெயர்ப்பு ஆளு, இதோட மல்லுக்கட்டியே முடி கொட்டிப்போச்சு, நான் சொல்றேன்.

வரி முடிவுக்கு 1 கழிங்க, 18ம் 21ம். யூடிஎஃப்-8ல (எழுத்த பைட்டா சேமிக்கிற முறை) ஒவ்வொரு தமிழ் குறியீட்டுக்கும் 3 பைட்டு. உங்க "கோ" க-வும் ோ-வும், ரெண்டு குறியீடு. மச்சானோட "கோ" க, அப்புறம் ே, அப்புறம் தனியா ஒரு ா, மூணு குறியீடு. ரெண்டுமே யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) படி சரி, திரைல ஒண்ணாத்தான் தெரியும். பழைய மேக்கோட எச்எஃப்எஸ் ப்ளஸ் (டிஸ்க்ல ஃபைல அடுக்கி வைக்கிற முறை) ஃபைல் பேர எல்லாம் இப்படி பிரிச்சுத்தான் வைக்கும். லினக்ஸ் கெர்னல் பொதுவா பேர வெறும் பைட்டா பாக்கும், அதுக்கு இது ரெண்டு வேற வேற பேரு, அத குத்தம் சொல்ல முடியாது. ஆனா தேடுற புரோகிராம் ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு கொண்டுவந்து ஒப்பிடணும்ல, உங்களுது ஒப்பிடல.

மொழிபெயர்ப்பு ஃபைல்லயும் இதே கூத்து. "கோப்பு"ன்னு தேடி மாத்துவேன், பாதி மாறும், பாதி அப்படியே நிக்கும். இதாவது யூகான்வ் (எழுத்த ஒரே வடிவத்துக்கு மாத்துற டூல்) போட்டா சரியாகும், "கௌ"வுக்கு பதிலா கெ போட்டு பக்கத்துல ள எழுத்த வைக்கிறவங்க இருக்காங்க பாருங்க, அத யூகான்வ் பிடிக்காது, ஒவ்வொண்ணா கண்ணால தான் பாக்கணும். தமிழ்99 (தமிழ் கீபோர்ட் அமைப்பு) வச்சு அடிச்சா இந்த வம்பே வராது. எடிட்டர் கேட்டீங்களே, நான் ஈமேக்ஸ், மத சண்டைக்கு வரல, டெர்மினல்ல கொம்பு தனியா துணைக்கால் தனியா பிஞ்சு நின்னு கண்ணு வலிக்குது, ஈமேக்ஸ்ல 27வது வெர்ஷன்ல ஹார்ஃப்பஸ் (எழுத்த சரியா சேர்த்து காட்டுற லைப்ரரி) வந்ததுல இருந்து ஒழுங்கா தெரியுது.

ஃபைல் பேர மாத்த கான்வ்எம்வின்னு ஒண்ணு இருக்கு, முதல்ல என்ன செய்யப் போறேன்னு காட்டும், நீங்க தனியா சொன்னாத்தான் மாத்தும். ஆனா மாத்துறதுக்கு முன்னாடி அந்த தேடுற புரோகிராம் மேல பக் போட்ருங்க, அப்புறம் காட்ட சாட்சி இருக்காது.

சிடி_காலத்து_ஆள்:
ஆள் கூடுற இடம் கேட்டாரே, யாரும் சொல்லலயே. விழுப்புரம் க்னூ லினக்ஸ் பயனர் குழு நல்லா ஓடிட்டு இருக்கு, 2023 ஜனவரில மினி டெப்கான்ஃபே (டெபியன் ஆட்கள் கூடுற சின்ன மாநாடு) அங்க தான் நடந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல பெரிய டெப்கான்ஃப் கொச்சில. உங்களுக்கு விழுப்புரம் தூரம்னா காஞ்சி லினக்ஸ் குழு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜிட்சில (ஆன்லைன் வீடியோ கால்) கூடும், தமிழ்ல தான் பேசுவாங்க, சும்மா கேட்டுட்டு இருந்தாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அந்த ரெண்டு கோவிலயும் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி காட்டுங்க, அரை மணி நேரம் ஓடும்.

தாமிரபரணி_03:
நேத்து ராத்திரி ரிப்போர்ட்பக் போட்டேன். தீவிரம் எவ்வளவுன்னு கேட்டுச்சு, "சீரியஸ்" குடுக்கப் போய் விளக்கத்த படிச்சிட்டு பயந்து "மைனர்" போட்டுட்டேன். கோவில் ரெண்டையும் வெறும் காலி ஃபோல்டரா உருவாக்குற மாதிரி ரெண்டு வரி கமாண்டும் சேர்த்து அனுப்பினேன், போட்டோவெல்லாம் அனுப்பல. காலைல மெயில் பார்த்தா பக் நம்பர் வந்துருக்கு!! கூடவே ஒருத்தர், புது வெர்ஷன்லயும் இதே மாதிரி வருதான்னு பார்த்துச் சொல்லுன்னு கேட்டுருக்கார், பேர பார்த்தா ஜெர்மன்காரர் மாதிரி இருக்கு, தமிழ் எழுத்து அவருக்கு எப்படி தெரியுதோ. புது வெர்ஷன பழைய லேப்டாப்ல கெடுக்காம எப்படி டெஸ்ட் பண்றது? அந்த எஸ்பில்ட் மாதிரி தனியா ஏதாவது?

பொட்டலம்_கட்டும்_அக்கா:
டிபூட்ஸ்ட்ராப், ஒரு ஃபோல்டருக்குள்ளயே தனியா ஒரு டெபியன போட்டுக் குடுக்கும். டிஸ்க்ல ஒரு 2 ஜிபி காலி பண்ணி வைங்க, ராத்திரி சாப்பிட்டு வந்து எழுதறேன். அதுவரைக்கும் அந்த மெயில்ல "பாத்துட்டு சொல்றேன்"னு ஒரு வரி போட்ருங்க, ஏழு மாசம் காக்க வைக்காதீங்க பாவம்.